ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறியும் மகள் ஒட்டிய தாளும்: நம் ஊருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

வண்ணாரப்பேட்டைக்காரன் | சனி, இரவு 9.12

வீட்டில் ஒரு பஞ்சாயத்து. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். பச்சை மையில் முதல் வரி: "மனிதரால் வெளியேறும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, 2013." அதன் கீழே ஒரு மாட்டுப் படம், மாட்டின் வாயிலிருந்து புகை. எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில்: "அப்பா, ஞாயிற்றுக்கிழமை?"

காலை ஆராதனை முடிந்ததும் திருநெல்வேலி மேலப்பாளையம் போய் ஒரு கிலோ மாட்டுக்கறி வாங்கி வருவது எங்கள் வீட்டில் என் அப்பா சைக்கிள் மிதித்த காலத்திலிருந்து நடக்கிற வழக்கம். ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது இதை விட்டால் எங்களுக்கு வேறு கறி கிடையாது. பிரேசிலில் காட்டை வெட்டி மாடு வளர்க்கிறவனுக்குச் சொன்ன புத்தி, வைக்கோல் தின்று கிழடான மாட்டை வாரம் ஒரு நாள் சமைக்கிற எனக்கும் பொருந்துமா? பிள்ளையிடம் சொல்ல ஒரு நேர்மையான பதில் வேண்டும். மதச் சண்டையோ சாதிச் சண்டையோ வேண்டாம், தயவுசெய்து.

ஊர்சுற்றி | சனி, இரவு 9.20

மகளைத் தாவர எண்ணெய்க்குப் பதில் மண்ணெண்ணெயில் சமைக்கச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

பிசானம்67 | சனி, இரவு 10.05

தம்பி, நான் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல்லும் வீட்டில் இரண்டு கறவையும் வைத்திருப்பவன். கறி சாப்பிடுவதில்லை. ஆனால் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாடு அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால் பேச எனக்கு உரிமை இருக்கிறது.

நம் பக்கத்தில் கறிக்கென்று யாரும் மாடு வளர்ப்பதில்லை. பாலுக்கு வளர்க்கிறோம், முன்பு ஏருக்கும் வண்டிக்கும் வளர்த்தோம். ஐந்தாறு ஈற்றுக்குப் பிறகு பால் வற்றும், ஊசி போட்டாலும் சினை நிற்காது. அப்போதுதான் அது அடிமாடு. நீங்கள் கறி தின்றாலும் தின்னாவிட்டாலும் அந்த மாடு அதுவரை மீத்தேன் வாயுவை ஏப்பமாக விட்டுக்கொண்டேதான் இருந்திருக்கும். நீங்கள் வாங்காவிட்டால் இன்னும் ஐந்தாறு வருடம் பால் தராமல் வைக்கோலைத் தின்று ஏப்பம் விடும். இதில் பூமிக்கு என்ன லாபம்?

கணக்குப்பிள்ளை | சனி, இரவு 10.48

அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. மறு பாதிக்கு நாளை வருகிறேன். வண்ணாரப்பேட்டைக்காரரே, வீட்டில் எத்தனை பேர், பால் எவ்வளவு, அரிசி எவ்வளவு என்று எழுதுங்கள். உத்தேசம் போதும்.

வண்ணாரப்பேட்டைக்காரன் | சனி, இரவு 10.55

நான்கு பேர். கறி வாரம் ஒரு கிலோ. பால் தினம் ஒன்றரை லிட்டர் (எனக்கு மட்டும் நான்கு டீ, மனைவி பார்த்துவிடக் கூடாது). அரிசி மாதம் 25 கிலோ.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, காலை 7.30

பூர், நெமெசெக் என்ற இருவர் 2018-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவு. இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்தாளுவது அதைத்தான். அதில் மாட்டுக்கறிக்கு ஒரே எண் இல்லை, இரண்டு எண்கள் இருக்கின்றன. கறிக்காகவே வளர்க்கும் மந்தையிலிருந்து வரும் கறி என்றால் கிலோவுக்கு ஏறத்தாழ 100 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம். பால் மந்தையிலிருந்து வரும் கறி என்றால் 33. மாட்டின் சுமையைப் பாலும் கறியும் பங்கு போட்டுக்கொள்வதால் இந்த வித்தியாசம். உங்கள் மகளின் தாளில் இருக்கும் படம் முதல் மாடு; நீங்கள் வாங்குவது இரண்டாவது.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. வருடத்துக்கு 52 கிலோ கறி, கிலோவுக்கு 33 என்றால் 1,716 கிலோ. பால் தினம் ஒன்றரை லிட்டர் வீதம் வருடத்துக்கு 547 லிட்டர். லிட்டருக்கு ஏறத்தாழ 3.15. பெருக்கிப் பாருங்கள்: 1,723 கிலோ.

நானே இரண்டு முறை சரிபார்த்தேன். உங்கள் வீட்டுப் பாலும் உங்கள் வீட்டு மாட்டுக்கறியும் பூமியின் மேல் ஏற்றுகிற சுமை ஒன்றுதான். அரிசி வருடம் 300 கிலோ, கிலோவுக்கு நாலரை என்று வைத்தால் 1,350. அதுவும் பின்னாலேயே வந்து நிற்கிறது.

இவை உலகச் சராசரி எண்கள். நம் மாடு குறைவாகப் பால் தருவதால் லிட்டருக்கு விழும் பங்கு இங்கே இன்னும் கூடத்தான் இருக்கும்.

வண்ணாரப்பேட்டைக்காரன் | ஞாயிறு, காலை 7.41

டீயைக் கீழே வைத்துவிட்டுப் படித்தேன்.

மேலப்பாளையத்தான் | ஞாயிறு, காலை 9.02

அஸ்ஸலாமு அலைக்கும். இப்போது இருப்பது சவூதியில், தம்மாமில். வாப்பா கறிக்கடை வைத்திருந்தார். ஊரில் இருந்தவரை எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள்தான் கறி, அதுவும் பருப்போடும் காயோடும் சேர்ந்து. இங்கே வந்த பிறகு மெஸ்ஸில் மதியமும் இரவும் மாட்டுக்கறிதான், ஏனென்றால் இங்கே அதுதான் மலிவு. ஒரு நாள் சமையல்கட்டில் உறைந்த கறிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பிரேசில். கணக்குப்பிள்ளை சொன்ன அந்த 100 கிலோ மாடு என் தட்டில்தான் கிடக்கிறது.

ஆகவே அந்தத் தாளை ஒட்ட வேண்டிய கதவு என்னுடையது. வண்ணாரப்பேட்டையில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஊர்சுற்றி | ஞாயிறு, காலை 9.15

[நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர் | ஞாயிறு, காலை 9.31

ஊர்சுற்றி, இன்னொரு முறை இப்படி எழுதினால் ஒரு மாதம் ஊர் சுற்றத்தான் வேண்டியிருக்கும். கறி தின்பவர், தின்னாதவர் இருவரும் இந்த இழையில் மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது அபூர்வம். கெடுக்க வேண்டாம்.

ராமையன்பட்டி மாணவன் | ஞாயிறு, காலை 11.20

நான் கால்நடை மருத்துவம் படிப்பவன். முதலில் ஒரு திருத்தம்: தங்கை மாட்டின் வாயிலிருந்து புகை வரைந்தது மிகச் சரி. பலரும் பின்பக்கம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அசைபோடும் மாட்டின் வயிற்றில் உண்டாகும் மீத்தேனில் பெரும் பங்கு, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல், ஏப்பமாக வாய் வழியேதான் வெளியேறுகிறது. நல்ல தீனி தின்னும் பெரிய மாடு நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை விடும். நம் ஊர் மாடு உடம்பில் சிறியது, அதனால் அளவு குறைவு. ஆனால் வெறும் வைக்கோல் செரிக்கச் செரிக்க மீத்தேன்தான். கிடைக்கும் பாலோடு ஒப்பிட்டால் அது அதிகம். அகத்தி, சோளத்தட்டை, கொஞ்சம் பிண்ணாக்கு என்று தீனியைச் சீராக்கினால் லிட்டருக்கு விழும் மீத்தேன் குறையும்.

இன்னொன்று. மீத்தேன் காற்றில் ஏறத்தாழ 12 வருடம்தான் தங்கும். ஆனால் 20 வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவை விட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். அதனால் இன்று குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும். மாட்டைப் பற்றி உலகம் இவ்வளவு பேசுவதற்கு இதுதான் காரணம்.

பிசானம் ஐயாவிடம் ஒரு கேள்வி: காளைக்கன்று பிறந்தால் என்ன செய்கிறீர்கள்?

பிசானம்67 | ஞாயிறு, மதியம் 2.10

கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். டிராக்டர் வந்த பிறகு காளைக்கன்றுக்கு வேலை இல்லை. சில மாதம் வைத்திருப்போம், பிறகு தரகர் வருவார். இப்போது பெண் கன்றாகவே பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்து ஊசி வந்திருக்கிறது, பத்துக்கு ஒன்பது கிடேரி என்கிறார்கள். அதுதான் எனக்குத் தெரிந்து உண்மையான குறைப்பு. வேண்டாத உயிர் பிறப்பதே குறைகிறது.

போன ஆனியில் ஒரு மாட்டை விற்றேன், அதையும் சொல்கிறேன். ஏழு ஈற்று ஈன்ற சிவலை. சந்தையில் தரகர் என் வலது கையைப் பிடித்துத் துண்டால் மூடினார். உள்ளே விரல்தான் பேசும், வாய் பேசாது. முதலில் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினார். நான் கையை உருவினேன். மறுபடி பிடித்தார். மூன்றாவது விரலில் பாதியை, நகத்துக்குக் கீழே உள்ள கணுவரைக்கும், பிடித்தார். அந்த அரை விரல்தான் பேரம். சுற்றி நின்ற பத்துப் பேருக்கும் விலை தெரியாது. நான் தலையாட்டியதும் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டேன். கயிறு கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டுத்தான் இப்போது நிற்கும் சினைமாட்டை வாங்கினேன்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 4.45

நேற்று பாக்கி வைத்த மறு பாதி இதுதான் அண்ணாச்சி. அடிமாட்டுப் பணம் அடுத்த மாட்டை வாங்க உதவுகிறது என்றால், உங்கள் பாலின் விலையைக் கறி தின்பவர்தான் தாங்கிப் பிடிக்கிறார். எல்லோரும் கறியை நிறுத்தினால் அந்தப் பணம் நிற்கும். பால் மாடு வைப்பவர்கள் குறைவார்கள் அல்லது பால் விலை ஏறும். 'கறி தின்னாவிட்டாலும் மாடு இருக்கும்' என்பது ஒரு மாட்டுக்குச் சரி. மந்தைக்குச் சரியில்லை.

ஆனால் பாலைக் கூட்டிக்கொண்டே போய்க் கறியை மட்டும் குறைத்தால் வற்றிய மாடு தெருவில் நிற்கும். இரண்டையும் பிரித்துப் பேசுவதில்தான் கோளாறு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 95 லட்சம் மாடுகள். அத்தனையும் கறிக்காகவா நிற்கின்றன?

ராமையன்பட்டி மாணவன் | ஞாயிறு, மாலை 5.03

சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1958-ஆம் ஆண்டு தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயதுக்கு மேற்பட்டு, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாடு என்றோ, காயம், ஊனம் போன்றவற்றால் நிரந்தரமாக உதவாமல் போன மாடு என்றோ சான்று இருந்தால்தான் அறுக்கலாம். அந்தச் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இங்கே பெரும்பாலும் கறி என்பது பாலின் மிச்சம்தான்.

சத்துக்கஞ்சி | ஞாயிறு, இரவு 8.40

நாங்குநேரி பக்கம் கிராம சுகாதார வேலையில் 19 வருடம் இருந்தவள். ஆண்கள் எல்லோரும் வாயுவையே அளந்துகொண்டிருக்கிறீர்கள். நான் இரத்தத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நான் பார்த்த காலனி வீடுகளில் மாதம் இரண்டு முறை அரைக் கிலோ மாட்டுக்கறி வாங்குவார்கள். ஆறு பேருக்கு அது. கறிவேப்பிலையும் மிளகும் போட்டுச் சுண்ட வறுத்து, குழம்பை நீட்டி, கடைசித் துண்டைக் கர்ப்பிணி மருமகளுக்கு ஒதுக்கி வைப்பார்கள். கறியில் உள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும். கீரையில் உள்ளது அவ்வளவு எளிதில் சேராது. பி12 எந்தக் கீரையிலும் பருப்பிலும் இல்லை. அந்த வீட்டில் போய் "பூமிக்காகக் குறைத்துக்கொள் தாயே" என்று நான் சொல்ல மாட்டேன். சொல்பவரை வாசலில் ஏற்றவும் மாட்டேன்.

2019-இல் 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு உலகத்துக்கே ஓர் உணவுமுறை வகுத்தது. அதில் ஆடு, மாடு, பன்றி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு 14 கிராம் சிவப்பு இறைச்சி. வாரத்துக்கு 98 கிராம். அந்தக் காலனிப் பெண் தின்பதை வாரக் கணக்கில் பார்த்தால் அதில் பாதியைக்கூடத் தொடாது. வண்ணாரப்பேட்டைத் தம்பி வீட்டில் ஆளுக்கு வாரம் 250 கிராம். அங்கே குறைக்க இடம் இருக்கிறது. தம்மாம் தம்பிக்கு, வாய்விட்டுச் சொல்கிறேன், நிறையவே இடம் இருக்கிறது.

மேலப்பாளையத்தான் | ஞாயிறு, இரவு 9.10

அக்கா அடித்தது வலிக்கவில்லை. உண்மைதான்.

குறுக்குத்துறை | ஞாயிறு, இரவு 9.34

ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் செலவாகிறதே, அதை ஏன் யாரும் பேசவில்லை? ஆற்றங்கரையில் இருக்கிறோம், கோடையில் தாமிரபரணி எப்படிக் கிடக்கிறது என்று பார்க்கிறோம்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.50

அந்த எண்ணில் 90 சதவீதத்துக்கு மேல் புல்லின் மேலும் தீவனப் பயிரின் மேலும் பெய்த மழை. ஆற்றில் எடுத்தது இல்லை. மானாவாரிக் காட்டில் மேய்ந்த மாட்டுக்கும் தாமிரபரணிக்கும் பெரிய தொடர்பு கிடையாது. ஆற்றுத் தண்ணீர் என்றால் நெல்லைக் கேளுங்கள்.

பிசானம்67 | திங்கள், காலை 6.15

நெல்லுக்கு வந்துவிட்டீர்கள் அல்லவா, எதிர்பார்த்தேன். தேங்கிய தண்ணீரில் மண்ணுக்குக் காற்று கிடைக்காமல் மீத்தேன் கிளம்புகிறது, உண்மை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மீத்தேன் ஏறத்தாழப் பாதியாகும், தண்ணீரும் 30 சதவீதம் வரை மிஞ்சும் என்கிறார்கள். மேல்மடைக்காரனுக்கு அது முடியும். கடைமடையில் வயலைக் காயவிட்டால், அடுத்த முறைத் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று எவனுக்குத் தெரியும்? வந்தபோது நிரப்பி வைக்கிறவன்தான் பிழைப்பான். மடைக்கு உத்தரவாதம் கொடுங்கள், நாளைக்கே காயவிடுகிறேன்.

சரி, மாட்டுக்குத் திரும்புவோம். தம்பி கறியை விட்டால் அந்த இடத்தில் எதை வைப்பார்? அதைச் சொல்லாமல் "குறை" என்றால் என்ன அர்த்தம்?

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 10.25

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதே 52 கிலோவை ஆட்டுக்கறியாக மாற்றினால் கிலோவுக்கு ஏறத்தாழ 40 வீதம் 2,080. அதாவது காசும் இரண்டு மடங்கு, சுமையும் கூடுதல். ஆடும் அசைபோடும் பிராணிதானே. 'கௌரவமான கறி'க்கு மாறுகிறோம் என்று பலர் செய்வது இதைத்தான். பிராய்லர் கோழி என்றால் 520. முட்டை கிலோவுக்கு ஐந்துக்குள். பருப்பு இரண்டுக்கும் குறைவு.

பாதியை மட்டும் குறைத்துப் பருப்பைப் போட்டால் 1,716 என்பது 900-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பாலிலும் அரை லிட்டர் குறைத்தால் இன்னும் 570 போகும்.

சத்துக்கஞ்சி | திங்கள், காலை 11.00

பருப்போடு சாளை மீனையும் நெத்திலிக் கருவாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள். உவரியிலிருந்தும் கூட்டப்புளியிலிருந்தும் வருவது. பி12 தாராளமாக இருக்கிறது. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் நம் ஊர்ச் சாப்பாடுதானே, அதற்கு யாரும் புதுப் பெயர் வைக்க வேண்டியதில்லை. பருப்பில் உள்ள இரும்பு சேர வேண்டுமென்றால் எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு சரியாகச் சேராது. நான்கு டீக்காரர் கவனிக்கவும்.

மேலப்பாளையத்தான் | திங்கள், மதியம் 1.15

பாதிக் கறி, பாதிப் பருப்பு என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறீர்கள். எங்கள் உம்மா அதைத்தான் தால்சா என்று வைத்தார்கள். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் குழையக் குழைய, நாலைந்து எலும்பும் கொஞ்சம் கறியும், கத்திரிக்காய், மாங்காய், புளி. கல்யாண வீட்டு நெய்ச்சோற்றுக்கு அதுதான் பக்கத்துணை. அரைக் கிலோ கறியில் பத்துப் பேர் எழுவார்கள், கறி தின்ற திருப்தியோடு. இங்கே மெஸ் சமையல்காரர் உத்தரப்பிரதேசக்காரர். நேற்று இரவு அவரிடம் செய்முறை சொன்னேன். வியாழக்கிழமை வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். மாங்காய்க்கு எங்கே போவது என்பதுதான் பிரச்சினை.

வண்ணாரப்பேட்டைக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 3.30

எல்லோருக்கும் நன்றி. மகளையே கூட்டிக்கொண்டு மேலப்பாளையம் போனேன். அரைக் கிலோ என்றதும் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்: "வீட்டில் ஆள் இல்லையா சார்?" மகள் முந்திக்கொண்டு, "எலும்பு கூடப் போடுங்கள் மாமா, தால்சாவுக்கு" என்றாள். அவர் கை நிறைய எலும்பை அள்ளிப் போட்டார், காசு வாங்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. சின்னவன் எலும்பை விடவில்லை, இன்னும் கையில் வைத்திருக்கிறான். கறித் துண்டைத் தேடவேண்டியிருக்கிறது என்று, விருந்துக்கு வந்த என் அம்மா இரண்டு முறை முணுமுணுத்தார்கள். ஆனாலும் மூன்றாவது கரண்டி கேட்டு வாங்கினார்கள்.

ஃபிரிட்ஜ் தாளில் மாட்டின் வாய்ப்புகைக்குப் பக்கத்தில் மகள் இப்போது ஒரு டீத் தம்ளர் வரைந்திருக்கிறாள். அதிலிருந்தும் புகை. இழையை அவளுக்குப் படிக்கக் கொடுத்தது என் தவறு. மனைவியும் படித்துவிட்டாள்.

பிசானம்67 | அடுத்த ஞாயிறு, மாலை 4.02

எத்தனை டீ இப்போது?

வண்ணாரப்பேட்டைக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 4.05

வீட்டில் இரண்டு. வண்ணாரப்பேட்டை முக்கில் எத்தனை என்று இங்கே எழுத முடியாது.

மேலப்பாளையத்தான் | அடுத்த ஞாயிறு, மாலை 4.40

மாங்காய் போட்டீர்களா?

வண்ணாரப்பேட்டைக்காரன் | அடுத்த ஞாயிறு, மாலை 4.46

கிளிமூக்கு. கொஞ்சம் பழுத்துவிட்டது, புளியைக் கூட்டிச் சமாளித்தோம்.